லைசென்ஸ் இருக்கிறது, ரிப்பேர்காரர் இல்லை

2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. அடுத்த வாரமே காவல் நிலையத்திலிருந்து போன்: “சார், லைசென்ஸ் துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க.” ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் அழைப்புதான். அப்பாவின் ரிவால்வருக்கு எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தேன். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடிந்து, நடத்தை விதிகள் விலகி, அதைத் திரும்பக் கையில் வாங்கும்போது மூன்று மாதம் நெருங்கிவிட்டது. அதே துணிதான். ஆனால், எங்கள் மலையில் சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழை அந்த அறையின் ஜன்னல் வழியே உள்ளே வந்திருக்கிறது. துணி நனைந்து, காய்ந்து, செம்பழுப்புக் கறையோடு அப்பளம்போல விறைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து குழலைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று பார்த்தேன். சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்தேன். சிலிண்டர் சுழன்றது. நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்பாகவே நின்றுவிட்டது. விரலால் லேசாகத் தள்ளினால் ‘டக்’ என்று இடத்தில் போய் விழுந்தது. ஆறு அறைகளில் நாலு அறை அப்படி.

பர்மிங்ஹாம் வெப்லி அண்டு ஸ்காட் கம்பெனியின் மார்க் ஃபோர் ரிவால்வர் அது, .32 அளவு. கைப்பிடிக்கு மேலே சிறகு முளைத்த தோட்டா முத்திரை. குழலில் கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. என்ற மூன்று எழுத்து, பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்துத் தேறியது என்பதற்கான அடையாளம். கீழ்ப்பழனி மலையில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து 1961-ல் அப்பா அதை வாங்கினார். வாரக் கூலிப் பணத்தை வத்தலக்குண்டு வங்கியில் எடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் வாங்கியது. ஒருமுறைகூட அதை அவர் ஆள்மீது நீட்டியதில்லை. இப்போது கூலி நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. அப்பா 2017-ல் காலமானார். வாரிசு என்ற முறையில் உரிமம் என் பெயருக்கு வந்தது.

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக நான் வாதாட வரவில்லை. நாட்டில் துப்பாக்கிகள் குறைய வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆனால், அரசே உரிமம் கொடுத்து, எண் குறித்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, வீட்டு பீரோவுக்குள் இருக்க அனுமதித்த ஒரு கருவிக்குப் பழுதுபார்க்க ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதை யாரும் ஒரு பிரச்சினையாகவே பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

மதுரையில் தொடங்கினேன். பிறகு திருச்சி, சேலம், கோவை. கன் ஹவுஸ் என்று பலகை மாட்டியிருந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். விற்கிறார்கள், வாங்குகிறார்கள், தேர்தல் நேரத்தில் பாதுகாப்பாகவும் வைத்துக்கொள்கிறார்கள். ரிப்பேர் என்றதும் குரல் இறங்கிவிடுகிறது. “மாஸ்டர் காலமாயி நாலு வருசம் ஆச்சு சார்.” “முன்னாடி ஒருத்தர் வந்து போவாரு, இப்ப கண்ணு தெரியல.” “ஏர்கன்னுன்னா பாத்துத் தருவோம்.” ஒரு கடைக்காரர் மட்டும் மனசாட்சியோடு சொன்னார்: “கீழ வச்சிருங்க சார். விக்கவும் வேணாம், சுடவும் வேணாம்.”

இதற்கிடையில் எங்கள் ஊரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். நல்ல கைக்காரர். காப்பிக்கொட்டை உரிக்கும் மெஷினுக்கு உடைந்த பல் சக்கரத்தை ஒரே நாளில் அடித்துக் கொடுத்தவர். “அண்ணே, ஒரு மணி நேரம் குடுங்க, கழட்டிப் பாத்துருவோம்” என்றார். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொடுக்கவில்லை. ஏன் என்று சட்டத்தைத் திறந்து அவருக்குக் காட்டினேன்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டும் உரிமம் கேட்கவில்லை. பழுதுபார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் அதே மூச்சில் கேட்கிறது. மீறினால் 25-வது பிரிவு. 2019-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கள்ளத் துப்பாக்கி செய்பவனுக்கும், உரிமம் உள்ள துப்பாக்கிக்கு ஒரு ஸ்பிரிங் மாற்றிக் கொடுக்கும் அப்பாவிப் பட்டறைக்காரருக்கும் சட்டத்தின் வாசகம் ஒன்றேதான். தம்பி முகம் வெளுத்துப்போனது. “ஒரு ஸ்பிரிங்குக்கா அண்ணே?” என்று கேட்டார்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. உரிமமில்லாத கைகளில் துப்பாக்கி வேலை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிஹாரின் முங்கேர் போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறைகள் அமைத்த காலத்திலிருந்து வளர்ந்த கைத்தொழில் அது. முறையான தொழிற்கூடங்கள் நலிய நலிய, அங்கே கற்ற கைகள் கள்ளத் துப்பாக்கிக்குப் போனதாகச் செய்திகளில் படித்துக்கொண்டே இருக்கிறோம். அந்தத் தவறான வழிக்குக் கதவை அடைத்தது சரி. ஆனால் சரியான வழிக்கும் ஒரு கதவு வேண்டுமே?

அந்தக் கதவு சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. 3-வது பிரிவின் விலக்கு வாசகத்தைப் பாருங்கள். உரிமம் இல்லாத ஒருவர்கூட, உரிமதாரர் உடனிருக்கும்போதோ அவர் எழுத்து மூலம் கொடுத்த அனுமதியுடனோ துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று அது சொல்கிறது. எதற்காக? முதலில் வரும் காரணமே பழுதுபார்ப்பது. உரிமம் புதுப்பிப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. துப்பாக்கி பழுதாகும், அதைப் பழுதுபார்க்கக் கொண்டுபோவார்கள் என்று 1959-ல் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொண்டுபோகும் இடத்தில் ஆளே இருக்க மாட்டார் என்பதைத்தான் அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

கோவையில் கடைசியாக ஒருவர் கிடைத்தார். உரிமம் உள்ள ஒரு கடையின் பின்கட்டில் வேலை பார்க்கும் பெரியவர். எழுபத்தெட்டு வயது. பெட்டியில் பூட்டி, உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். எட்டடிக்கு எட்டடி அறை. ஒரு வைஸ், அதன் தாடைகளில் இரும்பு படாமல் தோல் ஒட்டியிருந்தது. பித்தளைச் சுத்தியல் இரண்டு. பீடிக்கட்டு டப்பாவில் அரங்கள், ஒவ்வொன்றும் துணியில் சுற்றி. சுவரில் முருகன் காலண்டர், அதற்குக் கீழே சட்டம் போட்ட உரிமம்.

நான் திறந்து காலி என்று காட்டியதை அவர் பொருட்படுத்தவில்லை. வாங்கி, தானே திறந்து, ஆறு அறையிலும் சுண்டு விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். இந்த வகை வெப்லியில் சுத்தியலுக்குப் பக்கத்தில் இடதுபுறம் ஒரு நெம்பு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் கீல் போட்ட கதவுபோல முன்னால் மடியும். மடியும்போதே ஒரு நட்சத்திரத் தகடு எழும்பி, சுட்ட வெற்றுக் குப்பிகளை வெளியே தள்ளிவிட்டுத் திரும்ப உட்காரும். அந்த நட்சத்திரத்தின் பின்பக்கப் பற்களைத்தான் பெரியவர் முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏனுங்க, இதுக்குச் சந்தனம் வைப்பீங்களா?”

வைப்போம். ஆயுத பூஜை அன்று கணக்குப் புத்தகம், கவாத்துக் கத்தி, மருந்தடிக்கும் பம்பு எல்லாவற்றோடும் ரிவால்வரும் மனைப்பலகையில் இருக்கும். ஐம்பது வருஷம் அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார். துடைத்துத்தான் உள்ளே வைப்போம். துடைத்தது மேலே இருந்ததை. ஈரச் சந்தனம் நட்சத்திரப் பற்களின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அதன் அடியில் துரு பொட்டுப் பொட்டாக அரித்திருந்தது. ஊசிமுனையால் சுரண்டி ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டினார். வாசனைகூட லேசாக இருந்தது.

அப்பா தேங்காய் எண்ணெய் போட்டு வந்தார். அன்று எல்லோரும் போட்டது அதுதான். மலையில் மார்கழிக் குளிருக்குப் பாட்டிலில் இருக்கும் தேங்காய் எண்ணெயே உறைந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ரிவால்வருக்குள் போனதும் அப்படித்தான் உறையும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் உறைந்து, இளகி, சிக்குப் பிடித்து, ஸ்பிரிங்குக்கு அடியில் பழுப்பு மெழுகாக அப்பியிருந்தது. உறையும் சேர்ந்து கெடுத்திருக்கிறது. தோல் உறை பார்க்க அழகு. அதில் பதம் போட்ட உப்பும் புளிப்பும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எடுத்துப் போக உறை சரி, வருஷக்கணக்கில் உள்ளே வைத்தால் அதுவே எமன். காவல் நிலையத்துச் சாரல் கடைசியாக வந்து சேர்ந்த காரணம். முதல் காரணம் நாங்கள்தான்.

சுத்தியலை இழுக்கும்போது சிலிண்டரைச் சுழற்றுவது உள்ளே இருக்கும் ஒரு சிறு இரும்பு விரல். பெரியவர் அதை ‘ஹாண்டு’ என்றார். அது நட்சத்திரப் பல்லைத் தள்ளிக் கொண்டுபோய், ஓர் அறை குழலுக்கு நேராக வந்ததும் பூட்டு விழ வேண்டும். அறை நேராக வருவதற்கு முன்பே வெடித்தால் குண்டு குழலின் விளிம்பில் இடிக்கும். “ரெண்டு அறையில சரியா நிக்குதுங்க, நாலுல நிக்கலீங்க. இதோட சுட்டீங்கன்னா ஈயம் சீவிக்கிட்டு ரெண்டு பக்கமும் தெறிக்குமுங்க. பக்கத்துல நிக்கிறவர் கண்ணுக்கு ஆகாதுங்க” என்றார். குழல் உள்விட்டத்துக்குக் கச்சிதமான ஒரு பித்தளைக் கம்பியை முன்னாலிருந்து விட்டு, ஒவ்வோர் அறையாகச் சுழற்றிக் காட்டினார். இரண்டு அறைகளில் கம்பி தடையில்லாமல் உள்ளே போனது. மற்றவற்றில் விளிம்பில் ‘ணங்’ என்று முட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். எட்டு தௌ. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தௌ. கோவைப் பட்டறைகளில் இன்றும் அந்தக் கணக்குதான். “இது பரவாயில்லீங்க” என்றார். மேல்கொக்கி ஆடுகிறதா என்று காதோரம் வைத்துக் குலுக்கினார். ஆடவில்லை. வி-வடிவ மெயின் ஸ்பிரிங்கில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார்.

ஹாண்டைத் தட்டி நீட்டிவிடலாம், கூலியும் குறைவு. “தட்டி நீட்டுனா ஆறு மாசம் ஓடுமுங்க. புதுசு அடிச்சாத்தான் நிக்கும்” என்றார். புதுசு அடித்தார். மறுநாள் காலை பத்து மணிக்குத் தொடங்கியவர் மாலை நாலு வரை அந்த ஒரு சிறு துண்டோடுதான் இருந்தார். ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, அதன் கரிப்புகையில் நட்சத்திரத்தைக் காட்டுவார். பற்கள் கறுக்கும். துண்டைப் பொருத்தி ஒருமுறை சுழற்றுவார். எங்கே உரசுகிறதோ அங்கே கறுப்பு அழிந்து இரும்பு பளிச்சிடும். கழற்றி, அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டே இரண்டு இழுப்பு. மறுபடி கற்பூரம். எத்தனை தடவை என்று முப்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கடைசியாகச் சூடுபோட்டு, நிறம் பார்த்து எண்ணெயில் முக்கி, பொருத்தினார். ஆறு அறையும் ஒரே மாதிரி ‘டக், டக்’ என்று நின்றன. பித்தளைக் கம்பி ஆறிலும் சத்தமின்றிப் போய் வந்தது. கூலி நாலாயிரம் ரூபாய் கேட்டார்.

இந்த வேலையை எந்தப் புத்தகத்திலும் படித்துவிட்டுச் செய்ய முடியாது. 1851-ல் லண்டன் உலகக் கண்காட்சியில் அமெரிக்கர் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களைக் கொண்டுவந்து வைத்தபோது, இயந்திரத்தில் வெட்டிய பாகங்களால் ஆன துப்பாக்கி என்று உலகமே வியந்தது. ஆனால் ரிவால்வரின் உள்வேலை நூறு ஆண்டுக்கு மேல் கையால் அரம் போட்டுச் சேர்ப்பதாகவே இருந்தது. ஒரே மாடல் ரிவால்வர் இரண்டைக் கழற்றிப் பாகங்களை மாற்றிப் போட்டால் இரண்டுமே ஓடாமல் போகலாம். ஆகவே பழைய ரிவால்வருக்கு உதிரி பாகம் கிடைத்தால்கூட, பொருத்தும் கை வேண்டும். இங்கே உதிரி பாகமும் இல்லை. எண்பதுகளின் நடுவிலேயே தனியார் இறக்குமதிக் கதவு அடைபட்டுவிட்டது. வெப்லி கம்பெனியும் 1979-ல் துப்பாக்கித் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

“புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர்கள் செய்கிறது. 2014-ல் வந்த ‘நிர்பீக்’ அரைக் கிலோ எடைதான், வந்தபோது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் .32 ரிவால்வர் தயாரிப்பதாக 2020-ல் அறிவித்தார்கள். வாங்குகிறவர் வாங்கட்டும். பழையது என்ன ஆகும்? அது உருகிப் போய்விடாது. ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்குப் போகும்.

தோட்டா பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பழைய தோட்டாவின் கதை தெரியாதவர் இல்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா ரிவால்வரால் சுட்டதில் எம்.ஜி.ஆர். உயிர் பிழைத்தார், குரல் சிதைந்தது. தன்னையும் சுட்டுக்கொண்ட ராதாவும் பிழைத்தார். தோட்டாக்கள் பழசாகி வலு இழந்திருந்ததே காரணம் என்ற விளக்கம் அந்த வழக்கோடு ஒட்டியே இன்றுவரை சொல்லப்படுகிறது. பழைய தோட்டா என்றால் ஆபத்து குறைவு என்ற எண்ணம் அதனாலேயே மக்களிடம் பதிந்துவிட்டது. உண்மை வேறு. மருந்து வலு இழந்த தோட்டாவில் குண்டு வெளியே வராமல் குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். வெடித்த சத்தம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். பதற்றத்தில் இருப்பவர் அடுத்ததை அழுத்துவார். அடைபட்ட குழலுக்குள் இரண்டாவது குண்டு போனால் குழல் புடைக்கும், அல்லது பிளக்கும்.

இன்னொன்று. முப்பத்திரண்டு என்று சொல்லி வாங்கும் தோட்டாவில் இரண்டு வகை உண்டு. ரிவால்வருக்கானது .32 ஸ்மித் அண்டு வெஸன் லாங், பிஸ்டலுக்கானது .32 ஏ.சி.பி. பிஸ்டல் தோட்டா பழைய ரிவால்வர் அறைக்குள் பெரும்பாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் அழுத்தம் அதிகம். உட்கார்ந்துவிட்டதே என்று சுடுவது எழுபது வயது இரும்போடு விளையாடுவது. அப்பாவின் மேஜை இழுப்பறையில் இரண்டும் கலந்தே கிடந்தன. கணக்குக் காட்டி ஒப்படைத்துவிட்டேன்.

“துருப்பிடித்தால் நல்லதுதானே, ஒரு துப்பாக்கி குறைந்தது” என்று நண்பர் ஒருவர் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். துருப்பிடித்த ரிவால்வர் சுடுவதை நிறுத்தாது; சுட நினைக்காத திசையில் சுடும். சட்டமும் அதைத் துப்பாக்கி இல்லை என்று விட்டுவிடாது. 45-வது பிரிவு, வழக்கொழிந்த அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் எப்போது? பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படாது என்ற நிலை இருந்தால்தான். ஒரு நல்ல கை ஒரு நாளில் சரிசெய்துவிடக்கூடிய ரிவால்வர், பீரோவில் எத்தனை வருஷம் துருவேறிக் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கிதான். உரிமம் காலாவதியானால் வைத்திருப்பவர் குற்றவாளிதான்.

இந்த இடத்தில்தான் வாரிசுகள் மாட்டிக்கொள்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி உரிமதாரர் இறந்தாலோ, எழுபது வயதானாலோ, இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு உரிமம் கேட்கலாம். கேட்காதவர்கள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். கேட்கவும் மனமில்லாமல், கொடுக்கவும் மனமில்லாமல், அப்பா நினைவாக இருக்கட்டும் என்று பரணில் போடுகிறவர்களை எனக்கே தெரியும். கொடுத்தால் அது எங்கோ ஓர் அறை மூலையில் சிதையும் என்பது அவர்களுக்குத் தெரியும். வைத்துக்கொண்டால் ஆபத்து என்பது தெரியாது.

வெப்லி பிறந்த பிரிட்டனில், 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, கைத்துப்பாக்கி தனியார் கையில் இருப்பதையே ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். ஆனால் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். துப்பாக்கியை நிரந்தரமாகச் சுட முடியாதபடி செய்து, சோதனைக் கூடத்தின் முத்திரையும் சான்றும் பெற்றுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். 1813-ல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைக் கூடம், என் ரிவால்வரில் கிரீட முத்திரை போட்ட அதே கூடம், இன்று அந்தச் சான்றையும் தருகிறது. ஒரு துப்பாக்கி வேலைக்கு ஏற்றது என்று சொல்லும் நிறுவனமே, அது இனித் துப்பாக்கி இல்லை என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே கைத்திறன்தான் வேண்டும்.

நமக்கு முத்திரை புதிதில்லை. மளிகைக்கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் குறித்த காலத்தில் முத்திரை வாங்க வேண்டும். வாடகைக்கு ஓடும் ஆட்டோவுக்கு எஃப்.சி. இல்லாமல் ஓட முடியாது. என் ரிவால்வரை உரிமம் புதுப்பிக்கும்போது கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். எண்ணைப் பார்த்தார்கள், புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். ஒருமுறைகூட யாரும் சுத்தியலை இழுத்துச் சிலிண்டர் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை, அவர்கள் குற்றமில்லை.

புதிதாக ஒரு துறை தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்ட ஆயுதப்படையிலும் ஆர்மரர் இருக்கிறார். காவல்துறைத் துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டி, எண்ணெய் போட்டு, பழுது பார்ப்பதே அவர் வேலை. உரிமம் இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும்போது அவர் கையில் அரை மணி நேரம் கொடுத்து, கட்டணம் வசூலித்து, பூட்டு நிற்கிறதா, குழல் அடைப்பில்லையா, கொக்கி ஆடுகிறதா என்று பார்த்து ஒரு சான்று கொடுக்கச் சொல்லலாம். தேறாததைப் பழுதுபார்க்கவோ, செயலிழக்கச் செய்யவோ ஒரு கெடு வைக்கலாம்.

பழுதுபார்க்கும் இடத்துக்கும் வெகுதூரம் போக வேண்டாம். 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் திருச்சி சுற்றுவட்டாரத்திலேயே குடியிருக்கிறார்கள். தனியார் உரிமத் துப்பாக்கிகளுக்கென்று அங்கே ஒரு பணிமனையைத் திறந்து, கோவைப் பெரியவர் போன்றவர்களை மதித்து அழைத்து, ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பத்துப் பேரை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். பழுதுபார்ப்பு உரிமத்தை, துப்பாக்கி உற்பத்திக்கு நிகரான அச்சத்தோடு பார்க்காமல், கண்காணிப்பு குறையாமல் தனியாக வகைப்படுத்தித் தருவதையும் மத்திய உள்துறை யோசிக்க வேண்டும். கூடவே, தேர்தல் காலத்தில் ஒப்படைக்கும் துப்பாக்கிகளுக்கு ஒவ்வொரு நிலையத்திலும் ஈரம் புகாத ஓர் இரும்பு அலமாரி. அதற்குப் பெரிய செலவில்லை.

பெரியவரின் இரண்டு மகன்களும் சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள். பேரனுக்குச் சொல்லித்தரலாமே என்று கேட்டேன். “சொல்லித்தரலாமுங்க. லைசென்ஸ் என் பேர்ல இருக்குது. அவன் கையில அரத்தைக் குடுத்தா அது தப்பாயிருமோன்னு பயமா இருக்குதுங்க” என்றார். முறைப்படி அவனைப் பயிற்சியாளராகப் பதிவுசெய்ய எந்த அலுவலகத்தை அணுகுவது என்று விசாரித்துக் களைத்துவிட்டாராம். அறுபது வருஷம் கற்ற வித்தை அந்த எட்டடி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கிளம்பும்போது பணத்தை எண்ணி வைத்தேன். அவர் ரிவால்வரைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, மேஜை மேல் கிடந்த பழைய ஹாண்டை எடுத்தார். தேய்ந்து, முனை மழுங்கிய சிறு இரும்புத் துண்டு. எண்ணெய் தொட்டுத் துடைத்து, காலண்டர் தாளைக் கிழித்து அதில் மடித்து என் கையில் கொடுத்தார்.

“இதைத் தூக்கிப் போட்டுராதீங்க. அடுத்தது அடிக்கிறவனுக்கு அளவு வேணுமுங்க.”